படகில் ஒருவருக்கு முடியவில்லை, வயர்லெஸ்ஸும் எடுக்கவில்லை: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் 25 வாட் விஹெச்எஃப் வயர்லெஸ் செட் பொருத்திய விசைப்படகுகளை மனத்தில் வைத்து எழுதியது இது. காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, தேங்காய்ப்பட்டணம் என எந்தத் துறையில் இருந்து போகும் படகானாலும், அவசர நேரத்தில் செட் காலை வாரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: பேட்டரி முனை, சக்தியைக் குறைக்கும் 1 வாட் பட்டன், ஆன்டெனா கேபிளின் மூட்டு. விலை உயர்ந்த கோளாறை நினைத்துப் பயப்படும் முன் இந்த மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

செட்டைத் தொடும் முன் ஆட்களைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் நோயாளியிடம், ஒருவர் சுக்கானில், ஒருவர் செட்டில். ரத்தத்தை அழுத்திப் பிடித்திருப்பவர் எழுந்து வந்து பியூஸ் தேடக் கூடாது. வலை தண்ணீரில் கிடந்தால் மிதவை கட்டி விட்டுவிட்டு, கரையை நோக்கியோ கண்ணில் படும் கப்பலை நோக்கியோ படகை ஓட்டத் தொடங்குங்கள். செட்டோடு மல்லுக்கட்ட மொத்தம் 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அதற்குள் சரியாகவில்லை என்றால் செட்டை அப்படியே விட்டு, "பதில் இல்லை" என்ற பகுதியில் சொல்லியிருக்கும் மாற்று வழிகளுக்குப் போய்விடுங்கள்.

மேடேயா, பான்-பானா என்று குழப்பம்

மேடே என்றால் உயிருக்கு ஆபத்து என்ற அழைப்பு. பான்-பான் என்றால் அவசரம், ஆனால் உடனே உயிர்போகும் ஆபத்து இல்லை என்ற அழைப்பு. மூச்சு நின்றுவிட்டது அல்லது திணறுகிறது, கூப்பிட்டால் விழிக்கவில்லை, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, நெஞ்சுவலி விடவே இல்லை, ஒரு பக்கக் கைகால் விழுந்துவிட்டது, பாம்பு கடித்தபின் இமை தொங்குகிறது அல்லது பேச்சு குழறுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மேடே.

எலும்பு முறிந்திருக்கிறது ஆனால் பேசுகிறார், தூண்டில் முள் ஏறியிருக்கிறது, கடும் காய்ச்சல், விடாத வயிற்றுவலி என்றால் பான்-பான்.

எதுவென்று முடிவுக்கு வர முடியவில்லையா? மேடே சொல்லுங்கள். ஆள் தேறினால் பான்-பானாக இறக்கிக்கொள்ளலாம். "இதற்கெல்லாம் மேடே சொல்லலாமா" என்று தயங்கி அரை மணி நேரத்தைப் போக்கினால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

செட்டில் வெளிச்சமே வரவில்லை

முதலில் டிம்மர். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தால் பகலில் செட் செத்ததுபோலத் தெரியும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். பீப் சத்தம் கேட்டால் செட்டுக்கு ஒன்றுமில்லை.

சத்தமும் இல்லை என்றால் பேட்டரிக்குப் போங்கள். முனையைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் கோளாறு அங்கேதான். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கழற்றி, கத்தி முனையால் ஈயமும் செம்பும் மின்னும்வரை சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். வேசலின் பூசுவதெல்லாம் கரைக்கு வந்த பிறகு.

அடுத்து பியூஸ். செட்டில் இருந்து வரும் சிவப்பு ஒயரில் சிறு குழாய்போல ஒரு கூடு இருக்கும், அதற்குள் பாருங்கள். 25 வாட் செட்டுகளில் பெரும்பாலும் 10 ஆம்பியர் பியூஸ்தான். கூட்டின் மேலோ செட்டோடு வந்த புத்தகத்திலோ எந்த அளவு எழுதியிருக்கிறதோ அதுவே சரி. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒயரில் ஷார்ட் இருந்தால் அந்தத் தாள் எரியாது, ஒயர்தான் எரியும். நோயாளியோடு சேர்த்துத் தீயையும் சமாளிக்க வேண்டிவரும்.

புது பியூஸும் உடனே போய்விட்டதா? செட்டின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு பியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் ஒயர் எங்கோ உரசித் தேய்ந்திருக்கிறது. போகாமல் நின்றால் கோளாறு செட்டுக்குள்.

பியூஸும் முனையும் நன்றாக இருந்து செட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்றால் சுவிட்ச் போர்டு உப்பேறிப் போயிருக்கலாம். போர்டையே ஒதுக்கிவிட்டு, பியூஸ் கூட்டோடு இருக்கும் செட் ஒயரை நேராகப் பேட்டரிக்கு இழுங்கள். சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் செட் போய்விடக்கூடும். இதற்கென்று கிளிப் வைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு ஜோடி வீல்ஹவுஸில் கிடந்தால் ஒரு நிமிட வேலை.

செட்டுக்குள் ஷார்ட் என்று தெரிந்தால் கடலில் மூடியைத் திறக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை.

கேட்கிறது, ஆனால் மைக் பட்டனை அழுத்தினால் செட் அணைகிறது

கேட்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியர் அளவு. 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த மூட்டும் சோர்ந்த பேட்டரியும் அப்போதுதான் வெளிப்படும்.

கைவேலைக்கு முன் ஒரு முயற்சி: 1 வாட்டுக்கு மாற்றிப் பேசுங்கள். பெரும்பாலும் செட் நின்று பேசும். பக்கத்தில் படகு இருந்தால் அதுவே போதும், அவர்கள் உங்களுக்காகக் கரையைக் கூப்பிடுவார்கள். எஞ்சின் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்து டைனமோ சார்ஜ் ஏற்றட்டும்.

பிறகு முனைகளை மேலே சொன்னபடி பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் முதலில் பேட்டரியிலும் பிறகு செட்டின் பின்னாலும் அளக்கட்டும். பேட்டரியில் 12க்கு மேல் இருந்து செட்டில் 11க்குக் கீழே விழுந்தால் ஒயரோ மூட்டோ தின்கிறது. பேட்டரியிலேயே விழுந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி நிறைந்தது, 12.0 காட்டுவது ஏறக்குறையக் காலி.

24 வோல்ட் எஞ்சின் உள்ள படகில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு பேட்டரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒன்று மட்டும் வற்றிக்கொண்டே வரும். அவசரத்துக்குச் செட் ஒயரைப் பக்கத்துப் பேட்டரியின் இரு முனைக்கு மாற்றினால் உயிர் வரும். ஆனால் மைனஸ் ஒயர் படகின் இரும்போடு தொடும்படி இருந்தால் இதைச் செய்யாதீர்கள், ஷார்ட் ஆகும். கரைக்கு வந்ததும் 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள், 10 ஆம்பியருக்குக் குறையாமல். 5 ஆம்பியர் கன்வெர்ட்டர் மலிவு என்று வாங்கினால் இதே கோளாறுக்குக் காசு கொடுத்ததாக ஆகும்.

எல்லார் பேச்சும் நமக்குக் கேட்கிறது, நம் பேச்சு யாருக்கும் போகவில்லை

அடிக்கடி வருவது இதுதான். பதற்றத்தில் ஆட்கள் மேலும் மேலும் கத்துவார்கள். கத்துவதால் தூரம் கூடாது, குரல்தான் உடையும்.

திரையில் "1 வாட்" அல்லது "லோ" என்று இருக்கிறதா பாருங்கள். துறைமுகத்துக்குள் பேசக் குறைத்துவிட்டு அப்படியே கடலுக்கு வந்திருப்பார்கள். "ஹை"க்கு மாற்றுங்கள்.

அடுத்து, பட்டனை அழுத்தும்போது திரையில், செட் அனுப்புவதைக் காட்டும் "டிஎக்ஸ்" குறி வருகிறதா? வரவில்லை என்றால் மைக் பட்டனோ, மைக்கின் சுருள் ஒயரோ. பிளக் பக்கம் ஒயரை வளைத்துப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் குறி வந்தால் அந்தக் கோணத்திலேயே டேப் போட்டுச் சுற்றிவிட்டுப் பேசுங்கள். குறி வருகிறது, ஆனால் எதிரில் உள்ளவர் "அழுத்துவது தெரிகிறது, குரல் இல்லை" என்றால் மைக்குக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. வேறு மைக் இல்லையென்றால் கை செட்டுக்கு மாறுங்கள்.

குறியும் வருகிறது, "ஹை"யிலும் இருக்கிறது, பக்கத்துப் படகுக்கு மட்டும் கேட்கிறது, தூரம் போகவில்லை என்றால் ஆன்டெனா பக்கம் போங்கள். செட்டின் பின்னால் திருகியிருக்கும் கனெக்டரை இறுக்குங்கள். பிறகு கூரையில் ஆன்டெனா அடியில் உள்ளதை. கழற்றினால் உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா, நடு ஊசி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து, சுரண்டி, திரும்ப மாட்டுங்கள். மீட்டர் இருந்தால் கேபிளின் இரு முனையையும் கழற்றிவிட்டு நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளங்கள். தொடர்பு காட்டக் கூடாது. ஆன்டெனாவோடு சேர்த்து அளந்தால் ஏமாற்றும். சில ஆன்டெனா நல்ல நிலையிலேயே ஷார்ட் போலக் காட்டும்.

கேபிள் கழன்றிருக்கும்போது பட்டனை அழுத்தாதீர்கள். போன சக்தி திரும்பி வந்து செட்டின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரை எரித்துவிடும். அத்தோடு செட்டின் கதை முடிந்தது.

ஆன்டெனாவே உடைந்து போய்விட்டதா? கேபிள் நன்றாக இருந்தால் அதன் முனையிலேயே ஒரு ஆன்டெனா செய்யலாம். ஆன்டெனா பக்க முனையை வெட்டி, வெளிக் கறுப்புத் தோலை 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு உரியுங்கள். உள்ளே இருக்கும் பின்னல் கம்பியைப் பிரித்துத் திரித்து ஒரே ஒயராக்கிக் கீழ்நோக்கி மடக்குங்கள். நடுக் கம்பியை அதன் வெள்ளைத் தோலோடு மேல்நோக்கி நிமிர்த்துங்கள். மேலே 45, கீழே 45. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு மூங்கில் கழியில் டேப் போட்டுக் கட்டி, எட்டிய உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். இரும்புக் குழாயில் கட்டினால் வேலை செய்யாது. முதலில் 1 வாட்டில் பேசிப் பார்த்து, பதில் வந்தால் 25க்குப் போங்கள். அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலுக்குப் பொருந்துகிற அளவு இந்த 45. கேபிள் மிச்சம் வேண்டுமே என்று குறைக்காதீர்கள்.

கரையில்: எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவுக்குப் போன சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) வைத்து அளக்கச் சொல்லுங்கள். 1.5க்குக் கீழ் நல்லது. 3ஐத் தாண்டினால் கேபிளையோ ஆன்டெனாவையோ மாற்றுங்கள். கேபிளின் முனையை ஒரு சாண் வெட்டியும் செம்பு கறுப்பாகவே இருந்தால் முழுக் கேபிளிலும் தண்ணீர் ஏறிவிட்டது, ஒட்டுப் போட்டுப் பயனில்லை. இதெல்லாம் சரியாக இருந்தும் சக்தி வெளியேறவில்லை என்றால்தான் செட்டைப் பழுதுக்குக் கொடுக்க வேண்டும்.

பேச்சு போகிறது, பதில் இல்லை

சேனல் 16தானா? படகுக் கூட்டம் தங்களுக்குள் பேச வேறு சேனல் வைத்திருக்கும், செட் அதிலேயே நின்றிருக்கும். 16க்கு வந்து, பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். அழுத்தியதும் பேசினால் முதல் "மேடே" வெட்டுப்பட்டுப் போகும். பேசி முடித்து "ஓவர்" சொன்னதும் விரலை எடுத்துவிடுங்கள். பயத்தில் பட்டனைப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. விரல் அழுத்தியிருக்கும்வரை எந்தப் பதிலும் உங்களுக்குக் கேட்காது.

16இல் இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் படகுக் கூட்டத்தின் சேனலுக்குப் போய் ஒருமுறை சொல்லுங்கள். நம் படகுகளில் பல 16ஐக் கேட்பதில்லை, இதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். கேட்டவரிடம் "நீங்கள் 16க்குப் போய் மேடே ரிலே சொல்லுங்கள்" என்று, அதாவது உங்கள் மேடேயை அவர் உங்களுக்காகத் திருப்பிச் சொல்லும்படி, கேட்டுக்கொண்டு நீங்களும் 16க்குத் திரும்புங்கள்.

தூரம் பெரிய காரணம். விஹெச்எஃப் ஏறத்தாழ கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும், அதை முடிவுசெய்வது ஆன்டெனாவின் உயரம். உங்கள் ஆன்டெனா தண்ணீருக்கு 4 மீட்டர் மேலே இருந்தால், அதே உயரமுள்ள இன்னொரு படகோடு சுமார் 9 கடல் மைல் பேசலாம். 36 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த சரக்குக் கப்பலோடு சுமார் 18. 64 மீட்டர் கோபுரம் உள்ள கரை நிலையத்தோடு சுமார் 22. ஆகவே 40 மைல் வெளியே நின்று கரையைக் கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால் செட்டில் பழுதில்லை. அங்கே கூப்பிட வேண்டியது கப்பலை. சரக்குக் கப்பல்கள் 16ஐக் கேட்டுக்கொண்டிருக்கும். தெரியும் கப்பலை அதன் பெயரோ, நிறமோ, எங்கே போகிறது என்பதோ சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர வாய்ப்பு கூடுதல்.

கை செட்டை வைத்திருப்பவர் வீல்ஹவுஸுக்குள் இருந்து பேசாமல், கூரை மேல் ஏறி நின்று பேசட்டும்.

10 நிமிடம் முடிந்தும் பதில் இல்லையென்றால் மாற்று வழிகளைத் தொடங்குங்கள். வயர்லெஸ் அழைப்பும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரட்டும்.

இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவி (செயற்கைக்கோள் வழியே அவசர அழைப்பு அனுப்புவது) படகில் இருந்தால் இயக்குங்கள். மருத்துவ உதவி என்ற தேர்வு அதில் இருந்தால் அதையே அழுத்துங்கள். பழைய வகை டாட் ஒருவழிதான், அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. புது வகை சேர்ந்ததைத் திருப்பிச் சொல்லும். வானம் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும், வீல்ஹவுஸ் மேசைக்கு அடியில் இல்லை.

கைபேசி சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. தமிழகக் கடலோரக் காவல் குழுமம் 1093. சாட்டிலைட் போனில் இருந்து இந்தச் சிறு எண்கள் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் முழு எண்ணை நாட்டுக் குறியீட்டோடு வீல்ஹவுஸ் பலகையில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். குமரி மாவட்டத்தில் இருந்து அரபிக்கடலில் ஆழத்துக்குப் போகும் படகுகள் மும்பை மையத்தின் எண்ணையும் எழுத வேண்டும்.

16இல் ஓயாத இரைச்சல், அல்லது யாரோ பட்டனைப் பிடித்தபடி இருக்கிறார்

இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்புங்கள். இரைச்சல் நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். மேலும் திருப்பினால் தூரத்துப் பதிலும் சேர்ந்து அடைபடும்.

விளக்கு போட்டால் இரைச்சல் கூடுகிறதா? மலிவான எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் விஹெச்எஃப்பைக் கெடுக்கும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, நோயாளிக்குக் கை டார்ச் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எஞ்சின் சத்தமும் பேச்சும் கலந்து ஒரு படகு ஓயாமல் சேனலை அடைத்துக்கொண்டிருந்தால் அதன் மைக் பட்டன் சிக்கியிருக்கிறது. முதலில் அது உங்கள் படகாக இருக்கிறதா பாருங்கள். அழுத்தாமலே "டிஎக்ஸ்" குறி எரிந்தால் உங்கள் மைக்தான். மைக் பிளக்கைக் கழற்றினால் நிற்கும். உப்பு இறுகிய பட்டனைப் பத்துத் தடவை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் விடும். வேறு படகு என்றால் காத்திருக்காதீர்கள், படகுக் கூட்டத்தின் சேனலுக்குப் போய்ச் சேதி சொல்லுங்கள்.

சிவப்பு பட்டனை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை

சில செட்டுகளில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும், அது அவசர அழைப்பைத் தானாக அனுப்பும். மூடியைத் தூக்கி 3 முதல் 5 நொடி பிடித்திருக்க வேண்டும். தட்டிவிட்டு எடுத்தால் போகாது.

செட் "எம்எம்எஸ்ஐ இல்லை" என்றால், 9 இலக்க அடையாள எண் அதில் ஏற்றப்படவில்லை. இந்தியப் படகுக்கு அது 419 என்று தொடங்கும். எண் இல்லாத செட்டில் சிவப்பு பட்டன் வெறும் பிளாஸ்டிக்தான். கடலில் கையில் கிடைத்த எண்ணை ஏற்றாதீர்கள். தவறாக ஏற்றியதைத் திருத்த விற்றவரிடம்தான் போக வேண்டும், தேடி வருபவர்களும் வேறு படகைத் தேடுவார்கள். 16இல் வாயால் கூப்பிடுங்கள்.

என்ன ஆபத்து என்று தேர்ந்தெடுக்கச் செட் காட்டும் பட்டியலில் நெருப்பு, மூழ்குதல், மோதல், ஆள் கடலில் விழுதல் எல்லாம் இருக்கும், நோய் மட்டும் இருக்காது. தேடி நேரம் போக்காமல் வகை குறிப்பிடாமலே அனுப்பி, உடனே 16இல் என்ன நோய் என்று சொல்லுங்கள். அழைப்பை யாரும் ஏற்கும்வரை செட் தானாகவே 4 நிமிடத்துக்கு ஒருமுறை போல அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இடம் போகவில்லை என்றால் ஜிபிஎஸ் ஒயர் இணைக்கப்படவில்லை. திரையில் வெறும் கோடுகள் தெரிந்தால் அதுதான். வாயால் இடம் சொல்லுங்கள்.

கை தவறி அழுத்திவிட்டால் பயந்து அமைதியாக இருக்காதீர்கள். செட்டை அணைத்துப் போட்டு, 16இல் "ஆல் ஸ்டேஷன்ஸ்" என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், எண், இடம் சொல்லி, "கேன்சல் மை டிஸ்ட்ரெஸ் அலர்ட்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் எங்கோ ஒரு கப்பல் உங்களைத் தேடித் திரும்பிக்கொண்டிருக்கும்.

இடம் சொன்னோம், அவர்கள் வேறெங்கோ தேடுகிறார்கள்

ஜிபிஎஸ் இடத்தை இரண்டு விதமாகக் காட்டும். 10 டிகிரி 45 நிமிடமும் 10.75 டிகிரியும் ஒரே இடம். 10 டிகிரி 45 நிமிடத்தை "டென் பாயின்ட் ஃபோர் ஃபைவ்" என்று சொன்னால் கேட்பவர் 10 டிகிரி 27 நிமிடம் என்று எடுத்துக்கொள்வார். அது 18 கடல் மைல் தெற்கே. "டிகிரி", "மினிட்" என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள்.

கூடவே தெரிந்த இடத்தில் இருந்து திசையும் தூரமும் சொல்லுங்கள்: "நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே 24 கடல் மைல்." இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

ஜிபிஎஸ்ஸே இல்லையென்றால், வரும் கப்பலின் கருவி உங்கள் குரல் வரும் திசையைக் கண்டுபிடிக்கக்கூடும். "லாங் கவுன்ட்" என்று கேட்டால் பட்டனை அழுத்தியபடி ஒன்றில் இருந்து பத்துவரை மெதுவாக எண்ணி, பத்தில் இருந்து திரும்ப ஒன்றுக்கு வாருங்கள்.

பதில் வந்துவிட்டது, ஆனால் பேசிப் புரியவைக்க முடியவில்லை

செட் சரியாகி, கப்பலும் கிடைத்து, இங்கே வந்து சிக்கிக்கொள்வதைப் பார்த்தால் மனம் தாங்காது. கடலோரக் காவல் படையிடமோ காவல் குழுமத்திடமோ தமிழ் பேசுபவரைக் கேட்கலாம். வெளிநாட்டுக் கப்பலிடம் ஆங்கிலம்தான். வாக்கியம் வேண்டாம், இந்த வரிசையில் சொற்கள் போதும். மைக்கை வாயில் இருந்து மூன்று விரல் தூரத்தில் பிடித்து, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, கதவை மூடிவிட்டுப் பேசுங்கள்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் ஃபிஷிங் போட் அலைமகள், அலைமகள், அலைமகள். மேடே அலைமகள். பொசிஷன் ஒன் சீரோ டிகிரி ஃபோர் ஃபைவ் மினிட் நார்த், சீரோ எய்ட் சீரோ டிகிரி ஒன் ஃபைவ் மினிட் ஈஸ்ட். ஒன் மேன் செஸ்ட் பெயின். நீட் டாக்டர். எய்ட் பர்சன்ஸ் ஆன் போர்ட். ஓவர்."

அலைமகள் என்ற இடத்தில் உங்கள் படகின் பெயரையும், கூடவே பதிவு எண்ணையும் சொல்லுங்கள். பான்-பான் என்றால் தொடக்கத்தில் "பான்-பான், பான்-பான், பான்-பான், ஆல் ஸ்டேஷன்ஸ்".

நோய்க்கான சொற்கள்: மூச்சில்லை, "நாட் ப்ரீதிங்". நினைவில்லை, "அன்கான்ஷியஸ்". ரத்தம் நிற்கவில்லை, "ஹெவி ப்ளீடிங்". தலையில் அடி, "ஹெட் இஞ்சுரி". பாம்புக்கடி, "ஸ்னேக் பைட்". எலும்பு முறிவு, "ப்ரோக்கன் போன்". சுத்தமாகப் புரியவில்லை என்றால் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொதுவான சங்கேதம் ஒன்று இருக்கிறது: "இன்டர்கோ, மைக் ஆல்ஃபா ஆல்ஃபா". அவசர மருத்துவ ஆலோசனை வேண்டும் என்று பொருள்.

மறுமுனையில் மருத்துவர் வந்தால் அவர் கேட்பது ஏறக்குறைய இவைதான். அவர் கேட்கும் முன்பே நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரு அட்டையில் எழுதத் தொடங்கட்டும்: வயது, என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு. கூப்பிட்டால் விழிக்கிறாரா, கிள்ளினால் விழிக்கிறாரா, எதற்கும் விழிக்கவில்லையா. மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. கழுத்தில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கிய நாடி. உடம்பு ஜில்லென்று வியர்க்கிறதா. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நெஞ்சு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரா. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. படகில் என்ன மாத்திரை இருக்கிறது. சங்கு குளிப்பவர் என்றால் எத்தனை பாகம் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார், மேலே வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் கட்டாயம். மீன் அறைக்குள் நச்சுக்காற்றில் மயங்கியவர் என்றால் "கேஸ்" என்று சொல்லுங்கள், அவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே உள்ளே குதிக்க வேண்டாம்.

இந்த எண்களை 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து, நேரத்தோடு அடுத்த வரியில் எழுதுங்கள். தேறுகிறாரா, இறங்குகிறாரா என்பதை மருத்துவர் அந்த வரிகளை வைத்துத்தான் முடிவுசெய்வார்.

மருந்தளவு சொன்னால் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் கொடுக்காதீர்கள். இரைச்சலில் "ஃபிஃப்டீன்" "ஃபிஃப்டி"யாகக் கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் சீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகவும், மில்லிகிராமையும், எத்தனை மாத்திரை என்பதையும் தனித்தனியாகச் சொல்லி "கரெக்ட்?" என்று கேளுங்கள். நினைவில்லாதவருக்கு வாய்வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம்.

வேறு சேனலுக்கு மாறச் சொன்னால் சேனல் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு மாறுங்கள். அங்கே ஆள் கிடைக்காவிட்டால் உடனே 16க்குத் திரும்புங்கள். அவர்களும் அங்கேதான் வந்து தேடுவார்கள்.

உதவி நெருங்கும்போது தொடர்பு அறுகிறது

ஹெலிகாப்டர் வந்தால் கம்பம், கயிறு, ஆன்டெனா எல்லாவற்றையும் இறக்கச் சொல்வார்கள். ஆன்டெனா இறங்கியதும் செட் ஊமையாகிவிடும். அதற்கு முன்பே கை செட்டை 16க்கோ அவர்கள் சொன்ன சேனலுக்கோ வைத்து, ஒருமுறை பேசிச் சரிபார்த்துவிடுங்கள். பெரிய செட்டின் பக்கத்திலேயே கை செட்டை வைத்துப் பேசினால் இரண்டும் ஊளையிடும், ஒன்றின் ஒலியைக் குறையுங்கள். இறக்கை தலைக்கு மேல் வந்தபின் எதுவும் காதில் விழாது. எந்தத் திசையில் ஓட வேண்டும், நோயாளியை எங்கே கிடத்த வேண்டும் என்பதையெல்லாம் தூரத்தில் இருக்கும்போதே கேட்டு முடித்துவிடுங்கள். இறங்கும் கம்பி கடலிலோ தளத்திலோ ஒருமுறை படும்வரை கையால் தொடாதீர்கள், மின்சாரம் அடிக்கும். அதைப் படகில் எங்கேயும் கட்டவும் கூடாது.

காவல் படைக் கப்பலோ வேறு படகோ வந்து ஏற்றிக்கொள்வதானாலும், நீங்களே கரைக்குக் கொண்டுவருவதானாலும், எந்தத் துறைக்கு எத்தனை மணிக்கு என்று வயர்லெஸ்ஸிலேயே சொல்லி 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி கைமாறும்போது, மூச்சும் நாடியும் நேரமும் எழுதிய அந்த அட்டையையும் கொடுத்த மாத்திரையின் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்புங்கள்.